கதவு மூடியிருந்ததா?

அந்தத் தொலைபேசிப் பேச்சு மொத்தம் எண்பத்தெட்டு விநாடி. யார் எதற்கு அடுத்து என்ன சொன்னார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அந்த அழைப்பை எடுத்தவள் வரிசை பிசகாமல் சொல்வாள்.

மின் நிறுவனத்தின் புகார் அறை அது. ஒரே கூடத்தில் நாற்பது மேசை, நாற்பது பேர். பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியும் வந்தபாடில்லை. கூடம் சந்தைக்கடை போல இரைந்தது. அத்தனை இரைச்சலிலும் குரலை உயர்த்தாமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று பக்கத்து மேசைக்காரி அவளுக்குப் 'பூனை' என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டு மொழி, அலுவலக மொழி இரண்டும் படித்தவள் என்பதால் எந்த மொழியில் அழைப்பு வந்தாலும் பூனையின் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

முதலில் மறுமுனைதான் பேசியது. "அம்மா, பதினொரு மணிக்கு வரும்னு சொன்ன கரண்ட் இன்னும் வரலையே."

ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் மூன்று வரிகள். பூனை முதல் வரியைச் சொன்னாள்: தடங்கலுக்கு வருந்துகிறோம்.

"வருத்தம் கிடக்கட்டும்மா. எப்ப வரும்?"

இரண்டாவது வரியைச் சொன்னாள்: பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். எதிரே இருந்த திரையில் நேரம் எதுவும் போட்டிருக்கவில்லை. 'வேலை நடக்கிறது' என்று மட்டும் இருந்தது. பதினொரு மணியிலிருந்து கூப்பிட்ட எல்லோருக்கும் அவள் அதே பதினைந்து நிமிடத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நிமிஷம்தானே? உறுதியா?"

"ஆமாம்மா. பதினஞ்சு நிமிஷம்."

"பெட்டிக்குள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கும்மா. கதவைத் திறந்துடலாமான்னு பாக்கறேன். என்ன செய்யட்டும்?"

மூன்றாவது வரி அதற்கென்றே இருந்தது. "திறக்காதீங்கம்மா, மூடியே வைங்க. திறந்தா உள்ள இருக்கறது கெட்டுப்போயிடும்."

மறுமுனையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "பதினஞ்சு நிமிஷம்னா மூடி வைக்கறதுதான் சரி" என்று கேட்டது.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

"வேண்டாம்மா. நீ சொன்னதே போதும். நல்லா இரு."

அழைப்பு முடிந்ததும், ஊழியர் எப்படிப் பேசினார் என்று வாடிக்கையாளரை ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதாவது ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த அம்மாள் ஐந்தை அழுத்தினாள். அன்றைக்கு அந்தக் கூடத்துக்கே வந்த ஒரே ஐந்து அதுதான். மேற்பார்வையாளர் பூனையின் பெயரைப் பலகையில் எழுதிவைத்தார்.

மின்சாரம் வந்தது இரவு பதினொரு மணிக்கு.

அதற்குப் பிறகுதான் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. அறிவித்த நேரத்தைத் தாண்டி மின்சாரம் நின்றால், அதனால் வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது. அந்த நாளின் தடையும் அதில் அடங்கும் என்றது. படிவங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மக்கள் வீட்டு மொழியில் எழுதியிருந்தார்கள். முடிவு எடுக்கிறவர்கள் அலுவலக மொழியில்தான் படிப்பார்கள். ஆகவே பூனையைப் புகார் அறையிலிருந்து இழப்பீட்டுப் பிரிவுக்குக் கடன் வாங்கினார்கள். ஒவ்வொரு படிவத்தையும் அலுவலக மொழியில் மூன்றே வரியாகச் சுருக்குவது அவள் வேலை.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை. கெட்டுப்போன இறைச்சி, உருகிப்போன ஐஸ்கிரீம், வீணான ஊசி மருந்து. எல்லாம் குளிர்பெட்டி சமாச்சாரம். படிவத்தைத் தயாரித்தவர்களும் குளிர்பெட்டியை மனத்தில் வைத்துத்தான் தயாரித்திருந்தார்கள். ஒன்பதாவது கேள்வி இது: 'மின்தடை நேரம் முழுவதும் பெட்டியின் கதவு மூடியிருந்ததா? ஆம் / இல்லை.' 'இல்லை' என்று குறித்தால் கோரிக்கை தள்ளுபடி. நஷ்டத்தைத் தானே வரவழைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

இரண்டாவது வாரம் ஒரு படிவம் வந்தது. அடியில் பென்சில் எழுத்து, அதன் மேலேயே பேனாவால் எழுதியது. பென்சிலில் எழுதினால் செல்லாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட படிவம் அது. அனுப்பியவள் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறவள். ஒன்பதாவது கேள்வியில் இரண்டு கட்டத்திலும் குறி போட்டிருந்தாள். பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றி எழுதியிருந்தாள்:

'பேட்டரி தீர்ந்தபின் நாற்பது நிமிடம் மூடியிருந்தது. அதனால் செத்தன. பிறகு திறந்துவிட்டேன். அதனால் மிச்சம் பிழைத்தன. உங்கள் அலுவலகத்துக்குத்தான் போன் செய்தேன். ஒரு பெண், மரியாதையான குரல், பதினைந்து நிமிடத்தில் வரும், கதவை மூடியே வை என்றாள்.'

பூனை அதை இரண்டு தடவை படித்தாள். தேதியைப் பார்த்தாள். இடைவேளையில் புகார் அறைக்குப் போய், யாரும் கவனிக்காதபோது தன் பழைய அழைப்புப் பட்டியலைத் திறந்து, படிவத்திலிருந்த தொலைபேசி எண்ணைத் தேடினாள். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். எண்பத்தெட்டு விநாடி. ஐந்து.

திரும்பி வந்து மூன்று வரி எழுதினாள். மூன்றாவது வரியில், கதவை மூடச் சொன்னது நிறுவனம்தான் என்று சேர்த்தாள். பிரிவுத் தலைவருக்கு முத்திரை என்று பட்டப்பெயர். எந்தக் காகிதத்தையும் முத்திரை குத்தாமல் கைமாற்ற மாட்டார். அவர் மூன்றாவது வரியை அடித்துவிட்டு, இரண்டாவதையும் சுருக்கினார். 'வாடிக்கையாளர் கதவைத் திறந்துள்ளார்' என்பது மட்டும் மிஞ்சியது. அதன் மேல் முத்திரை விழுந்தது.

மறுவாரம் அந்த அம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக்கை, காதில் செருகிய பென்சில். பூனை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

முத்திரை கெட்டவரல்ல. அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இங்க பாருங்கம்மா. 'ஆம்'ல மட்டும் ஒரு குறி போடுங்க. ஓரத்துல எழுதின கதையெல்லாம் வேண்டாம். அடுத்த வாரம் பணம் வந்துடும்."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"பொய் இல்லம்மா. படிவத்துக்கு ஏத்த மாதிரி சொல்றது. எல்லாரும் செய்யறதுதான்."

"சார், உங்க வீட்டுப் பெட்டியில இருக்கறது முட்டை. மூடி வச்சா நல்லது. என் பெட்டியில இருக்கறது பத்தொம்பது நாள் ஆன பிள்ளைங்க. அதுங்களுக்குக் காத்து வேணும். உடம்புச் சூடு வெளிய போகணும். பூட்டி வச்சா அதுங்க சூட்டுலயே அதுங்க வெந்துடும்."

முத்திரை அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பணம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்.

"வேணும். அது வரலைன்னா அடுத்த ஈடு வைக்க முட்டை வாங்க முடியாது. வாங்கலைன்னா என்கிட்ட குஞ்சு எடுக்கறவங்க வேற ஆளைப் பார்த்துப் போயிடுவாங்க. ரெண்டு மாசத்துல கடையைச் சாத்தணும். அது எனக்கு நல்லாவே தெரியும்." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ஆனா நாள் பூரா கதவை மூடித்தான் வச்சிருந்தேன்னு நானே கையெழுத்துப் போட்டா, அத்தனையையும் நானே கொன்னேன்னு ஆகும். நாற்பது நிமிஷம் மூடினதுக்கே எனக்குத் தூக்கம் இல்ல. நாளைக்கு இன்னொரு பொரிப்பகத்துக்காரன் வந்து நின்னா, இந்தக் காகிதத்தைத்தானே எடுத்துக் காட்டுவீங்க? மூடி வை, காசு வரும்னு."

படிவத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள். மேல்முறையீடு செய்யத் தனிக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். காதிலிருந்த பென்சிலை எடுத்தவள், ஏதோ நினைவு வந்து மேசையிலிருந்த அவருடைய பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"பழக்கம் சார். முட்டை மேல தேதி போட பென்சில்தான். மை ஓட்டுக்குள்ள இறங்கும். உங்க ஆபீஸ்ல எல்லாமே மைதான் போல."

முத்திரை பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

மேல்முறையீடு எட்டுப் பக்கம். அதைச் சுருக்கக் கூடாது, முழுதாக மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. அப்படித்தான் பூனைக்கு அவளுடைய கதை தெரியவந்தது.

பதினெட்டு வயதில் ஒரு பெரிய பொரிப்பகத்தில் முட்டை பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே இருபத்தோராம் நாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்து, பொரிந்ததை எடுத்துக்கொண்டு, பொரியாததைக் குப்பைக்குத் தள்ளிவிடுவார்கள். அதில் சிலது தாமதக்காரர்கள்தான், செத்தவை அல்ல என்று அவளுக்குச் சந்தேகம். ஒருநாள் குப்பையிலிருந்து முப்பது முட்டையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சட்டை வைக்கும் அலமாரியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அடுக்கிவைத்தாள். மறுநாள் பதினொன்று பொரிந்தன. சந்தோஷத்தில் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். குப்பையைத் திருடியதற்காக அவர் அவளை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார். 'அந்தப் பதினொன்றையும் திருப்பிக் கேட்டார். தரவில்லை. என் பொரிப்பகம் அதிலிருந்து வந்தது' என்று எழுதியிருந்தாள்.

அலமாரி போய்ப் பலகைப் பெட்டி வந்தது. அது போய் விசிறி வைத்த இயந்திரம் வந்தது. இடையில் கல்யாணமும் ஆனது. புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். 'என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டுவிட்டாள்' என்று யாரைப் பார்த்தாலும் சொல்வாராம். அதையும் மேல்முறையீட்டில் எழுதியிருந்தாள், ஏதோ சாட்சியம் போல. பெட்டி வைத்திருக்கும் அறையில் அவள் சத்தமாகப் பேச மாட்டாள். பதினெட்டாம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, பொரியும் தட்டுக்கு மாற்றுவாள். அன்றிலிருந்து ஒரு மணிக்கு ஒருமுறை கதவில் காதை வைத்துக் கேட்பாள். கதவு வழியே சத்தம் வந்தால்தான் சோற்றில் கை வைப்பாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

அந்த நாளைப் பற்றியும் எழுதியிருந்தாள். இரண்டு மணி நேரம் என்று அறிவித்ததால், விசிறி மட்டும் மூன்று மணி நேரம் ஓடுகிற மாதிரி பேட்டரி வைத்திருந்தாள். பன்னிரண்டுக்கு அது ஓய்ந்தது. உள்ளே ஆயிரத்து இருநூறு. கதவைத் திறந்தால் ஈரப்பதம் போய்விடும், ஓட்டை உடைக்கிற நேரத்தில் சவ்வு குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். திறக்காவிட்டால் சூடு. 'பதினைந்து நிமிடம் என்றால் மூடிவைப்பது சரி. நாற்பது நிமிடம் என்றால் தப்பு. இதைத் தெரிந்துகொள்ளத்தான் போன் செய்தேன்.' பதினைந்து நிமிடம் போனதும் மறுபடி கூப்பிட்டாள். இசைதான் வந்தது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று கதவின் முன்னாலேயே நின்றாள். நாற்பதாவது நிமிடம் உள்ளிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் குறைந்தது. அப்போது திறந்தாள். அட்டையால் விசிறினாள். தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தாள். இரண்டு நாள் கழித்து உயிரோடு எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்கப் பூனைக்கு ஒரு நாள் முழுதும் ஆயிற்று. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒன்றும் ஆகாது. அது அவளுக்கு வராத வித்தையும் அல்ல.

விசாரணை நாளன்று மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றபோது நிறுவனம் பூனையையே அனுப்பியது. கைவசம் இருக்கிற ஆள், தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

சின்ன அறை, நீள மேசை. அதன் தலைப்பக்கத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை அதிகாரி, ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் நிறுவனத்தின் வக்கீல், அவர் பக்கத்தில் முத்திரை. பொரிப்பகத்தம்மாள் உள்ளே வந்தாள். பின்னால் அவள் புருஷன், கம்பளி சுற்றிய ஒரு மரப்பெட்டியைத் தூங்குகிற கைக்குழந்தையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு வந்தார்.

உட்காரச் சொல்லிப் பெயரைக் கேட்கும்படி அதிகாரி சொன்னார். வேறு வழியில்லை. பூனை வாயைத் திறந்தாள்.

"உட்காருங்கம்மா. உங்க பேரைச் சொல்லுங்க."

பாதி உட்கார்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தலையைத் திருப்பிப் பூனையின் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள், முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறவளின் பார்வை. பிறகு உட்கார்ந்து தன் பெயரை மட்டும் சொன்னாள்.

வக்கீல் தொடங்கினார். முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரி வெப்பம் வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கதவைத் திறந்தால் வெப்பம் வெளியேறும். வெளியேற்றியவர் வாடிக்கையாளர். நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு.

பூனை மொழிபெயர்த்து முடித்ததும் பொரிப்பகத்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் பெட்டியை மேசை மேல் வைத்தார். இது விசாரணைக் கூடம் என்று வக்கீல் ஆட்சேபித்தார். தெரியும், அதனால்தான் கொண்டுவந்தேன் என்றாள் அவள். கம்பளியை விலக்கி மூடியைத் திறந்தாள். பஞ்சுக்குள் அறுபது முட்டை, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தேதி, நடுவே ஒரு வெப்பமானி.

"ஐயா கையை வைக்கட்டும்" என்றாள். அதிகாரி முதலில் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். வைத்தார். வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். முப்பத்தெட்டு.

"ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்திருக்கு. இதுக்கு எந்தக் கம்பியிலேருந்து கரண்ட் வருதுன்னு வக்கீல் சாரைக் கேளுங்க."

பூனை அதை ஒரு சொல் குறையாமல் அலுவலக மொழியில் சொன்னாள். அவள் முடித்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சன்னமான சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி கையை எடுக்க மறந்துபோனார்.

வக்கீல் சும்மா விடுகிற ஆள் இல்லை. பிடியை மாற்றிக்கொண்டார். சரி, முட்டைகள் தாமே சூடு உண்டாக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அது தெரிந்த ஒருவர் நாற்பது நிமிடம் கதவை மூடிவைத்திருந்தேன் என்று தன் கைப்படவே எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தாலும் தவறு அவருடையதுதான். நிறுவனம் மூடச் சொன்னது என்கிறார். அழைப்புகளை அறுபது நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பதிவு அழிந்துவிட்டது. அப்படிச் சொன்ன ஒரு பெண் உண்டென்றால், அவரை இவரால் அடையாளம் காட்ட முடியுமா?

இதையும் பூனைதான் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணை உங்களால அடையாளம் காட்ட முடியுமான்னு கேக்கறாங்க."

"முடியும்" என்றாள் பொரிப்பகத்தம்மாள். அவள் பார்வை பூனை மேலிருந்து நகரவில்லை. "ஆனா காட்ட மாட்டேன். அது அவ வயித்துப் பொழைப்பு. அவ சொந்தமா சொல்லலை. யாரோ எழுதிக் குடுத்ததைப் படிக்கிற குரல் அது, எனக்குத் தெரியாதா? எழுதிக் குடுத்தவங்களைக் கேளுங்க. அவங்க எனக்கு எதிர்ல உக்காந்திருக்காங்க. தப்பு என் மேலயும் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா கதவுல காது வச்சுக் கேட்டவ, அன்னிக்கு மட்டும் போன்ல காது வச்சுட்டேன். அதை நான் மறைக்கலை. நீங்க உங்க பங்கை மறைக்கறீங்க."

பூனை முழுவதையும் மொழிபெயர்த்தாள். 'காட்ட மாட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னாள். முடித்துவிட்டு உட்காரவில்லை. அலுவலக மொழியிலேயே, அதே தணிந்த குரலில், யாரும் கேட்காத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாள். பிறகு பொரிப்பகத்தம்மாள் பக்கம் திரும்பி அதை வீட்டு மொழியிலும் சொன்னாள்.

"அந்தக் குரல் என்னோடது."

மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்ல முடியாது என்றார் வக்கீல். முத்திரை நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார். பூனை இருவரையும் பார்க்கவில்லை. அட்டையிலிருந்த மூன்று வரியையும் மனப்பாடமாகச் சொன்னாள், இரண்டு மொழியிலும். அன்றைக்குத் திரையில் நேரம் எதுவும் இல்லை என்றாள். பதினைந்து நிமிடம் என்பது எந்தத் தடைக்கும் எவருக்கும் சொல்கிற பதினைந்து நிமிடம் என்றாள். அழைப்பு வந்த நேரம், பேசிய விநாடி, கிடைத்த ஐந்து, எல்லாம் பட்டியலில் இருக்கிறது, அது அழியவில்லை என்றாள். வாழ்க்கையிலேயே அவள் ஒரு கூடத்தில் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அத்தனையையும் எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. கதவைத் திறந்தது குற்றமல்ல, மூடச் சொன்னதுதான் குற்றம். தெரியாத நேரத்தைத் தெரிந்ததாகச் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு. இழப்பீடு முட்டை விலையில் அல்ல, குஞ்சு விலையில். பொரிப்பகத்தம்மாள் அடுத்த ஈடு வைத்துவிட்டாள். அந்த அறுபதில் ஐம்பத்தேழு பொரிந்ததாக, பென்சிலில் எழுதிய ஓர் அட்டை தபாலில் பூனைக்கு வந்தது.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பூனைக்கு வந்தது விளக்கம் கேட்டு ஒரு கடிதம்: மொழிபெயர்ப்பாளராக அனுப்பப்பட்டவர் வரம்பு மீறிப் பேசியது ஏன்? இரண்டு வரியில் பதில் எழுதினாள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அந்த அறையில் நான்தான், பதில் சொன்னேன். வருட ஊதிய உயர்வை நிறுத்திவைத்து, அவளைப் புகார் அறைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அங்கே அவள் மேசையில் அட்டை ஒட்டியபடியே இருக்கிறது. இரண்டாவது வரி மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டியிருக்கிறாள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை கிழித்துப் பார்த்தார். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் காகிதம் திரும்ப வந்துவிட்டது. அவளுடைய அழைப்புகள் தொண்ணூறு விநாடியைத் தாண்டுகின்றன என்று மாதாமாதம் எச்சரிக்கை வருகிறது. அதை நான்காக மடித்து மேசைக்காலின் கீழே வைக்கிறாள், மேசை ஆடாமல் இருக்க. பூனைக்கு நகம் முளைத்துவிட்டது என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. சொல்லிவிட்டு, திரையில் நேரம் இல்லாத நாட்களில் தானும் 'தெரியலைங்க' என்றுதான் சொல்கிறாள்.

அழைப்புகள் நீள்வதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. அது பூனை யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. விசாரணை முடிந்த அன்று, தாழ்வாரத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் பஸ் பிடிக்க முன்னால் நடக்க, பொரிப்பகத்தம்மாள் அவளுக்காகப் பின்தங்கி நின்றாள். பெட்டிக்குள் இரண்டு ஓடு விரிசல் விட்டிருந்தது. நேரமில்லை. பூனை கைகளைப் பிசைந்துகொண்டு, மன்னிச்சுடுங்கக்கா என்று ஆரம்பித்தாள். அவள் அதை முடிக்க விடவில்லை.

"அதை நீயும் நானும் பாதிப் பாதியா வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணு மட்டும் செய். இனிமே யாராவது கூப்பிட்டு, கதவைத் திறக்கட்டுமா மூடட்டுமான்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி, உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேளும்மா."